பதினொன்று பி-யின் வீட்டு வாக்கியங்கள்

ஆரோக்கிய ஷீலாவுக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. ஓட்டுவது யாராக இருந்தாலும் சரி, பாதையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு தன்னுடையது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இங்குட்டு ஒருத்தன் வாரான், அந்த மாட்டை நம்ப முடியாது, ஸ்பீடு பிரேக்கர் இருக்கு என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவாள். காலடியில் இல்லாத பிரேக்கை வேறு மிதிப்பாள். கணவர் ஞானசேகர் கல்யாணமான புதிதில் இதைச் செல்லம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைத்தெரு நடுவில் பைக்கை நிறுத்தி, "ஒண்ணு நீ ஓட்டு, இல்லாட்டி என்னைய ஓட்ட விடு" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு அவள் பள்ளிக்கூட வேனில்தான் போய்வந்தாள்.

வேன் டிரைவர் ஹபீப் ரகுமான் சவுதியில் பல வருசம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து போடுகிற சத்தத்துக்கு அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "சொல்லுங்க டீச்சர், நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க" என்பார். அவள் சொன்னபடி வேகத்தையும் குறைப்பார். இப்படியும் ஒரு மனுஷன் உலகத்தில் இருக்கிறார் என்பதை ஷீலா ஞானசேகருக்கு வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்தினாள்.

ரகுமானின் மகள் இன்ஷா ஷீலாவிடம்தான் இங்கிலீஷ் படித்தாள், பதினொன்று பி பிரிவில். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா அங்கேயே டிரைவர் என்பதால் ஃபீஸில் சலுகை உண்டு. அதிகம் பேசாத பெண். பேசினால் சரியாகப் பேசுவாள்.

அந்த வருசம் பள்ளியின் தாளாளருக்கு ஒரு ஆசை வந்திருந்தது. தேவகோட்டை ரோட்டில் புதிதாக முளைத்த பள்ளிக்கூடம் 'அட்வான்ஸ்டு வொக்காபுலரி' என்று போர்டு வைத்துவிட்டது. நம் பிள்ளைகள் மட்டும் குட், பேட், நைஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் என்ன மரியாதை? ஆகவே தடித்தடியாக இங்கிலீஷ் வார்த்தைகளைப் பட்டியல் போட்டு ஷீலாவின் கையில் கொடுத்து, மேல்வகுப்புப் பிள்ளைகள் வாயில் இதெல்லாம் புழங்க வேண்டும் என்றார்.

பிள்ளைகள் புழங்கவில்லை, மனப்பாடம் செய்தார்கள். மேக்னானிமஸ் என்றால் பெருந்தன்மை என்று ஒப்பித்தார்கள். வாக்கியம் சொல்லச் சொன்னால், வகுப்பு முழுக்க ஒரே ராஜாதான் பெருந்தன்மையாக இருந்தார். "எந்த ராஜாடா அது?" என்று ஷீலா வீரபாண்டியனை எழுப்பிக் கேட்டாள். "தெரியாது மிஸ், புக்குல இருந்தாரு" என்றான். அடுத்த வாரம் வேறொரு வார்த்தைக்கும் அதே ராஜா வந்து நின்றார். ஷீலாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் வீட்டு வாக்கியம். பட்டியலிலிருந்து ஆளுக்கொரு வார்த்தையை அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் எழுந்து நின்று அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் அவரவர் வீட்டில் நடப்பதாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் 'ட்ரூ சென்டென்ஸ், மிஸ்' என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ராஜாவுக்கு அனுமதி இல்லை.

முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. சத்தியப்பிரியாதான் துணிந்து எழுந்தாள். 'ஆர்னமென்டல்' என்றால் அலங்காரத்துக்கு மட்டும் இருப்பது. எங்கள் வீட்டு ஏசி ஆர்னமென்டல் என்றாள். கரண்ட் பில்லுக்குப் பயந்து அவள் அப்பா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாராம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வார்த்தையை அதன்பிறகு யாரும் மறக்கவில்லை. ஸ்கூல் பஸ்ஸில், கேன்டீனில், மாடியில் மூடியே கிடக்கும் லேப் கதவைப் பார்த்து என்று எங்கே பார்த்தாலும் ஆர்னமென்டல்தான்.

இரண்டாவது வாரம் சிகப்பி எழுந்தாள். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடு அவளுடையது. 'எஸ்ட்ரேன்ஜ்டு' என்ற வார்த்தையை எடுத்திருந்தாள், மனம் விட்டுப் பிரிந்தவர்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நிறைய அறைகள் இருப்பதால் என் அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது பெற்றவர்கள் இருவரும், எஸ்ட்ரேன்ஜ்டு என்பது வெளியே தெரியாது என்று இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஷீலா அன்றைக்கே இன்னொரு சட்டம் போட்டாள். இங்கே சொல்கிற வாக்கியம் இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டியவர் வகுப்புக்கு வெளியே.

அந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் உயிராகக் காப்பாற்றினார்கள். அதனாலேயே வார்த்தைகள் ஏறின. அரையாண்டுப் பரீட்சைத் தாளைப் பார்த்துத் தாளாளர் ஷீலாவைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். சிவகங்கையில் நடக்கப்போகிற ஒரு வாரப் பயிற்சி முகாமில் அவளுடைய முறையை மற்ற ஆசிரியர்களுக்குச் செய்துகாட்டச் சொல்லி அழைப்பும் வந்தது. ஷீலாவுக்குத் தலை கால் புரியவில்லை. புதுப் புடவை எடுத்தாள். வகுப்பிலும் வேனிலும், அடுத்த வாரம் முழுக்க நான் இருக்க மாட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஷீலா வாக்கியத்தைக் கேட்பாள், ஆனால் சேதியைக் கேட்க மாட்டாள். வார்த்தை சரியான இடத்தில் விழுந்ததா, காலம் பொருந்தியதா என்று பார்ப்பாள். பொருந்தினால் 'குட்', அடுத்த ஆள். சிகப்பிக்கும் அன்றைக்கு அந்தக் 'குட்'தான் கிடைத்தது. அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு அரிசி கண்ணில் படாதது போல அது. தப்பென்று சொல்ல முடியாது, வேலைப் பழக்கம்.

முகாமுக்கு முந்தின வியாழக்கிழமை இன்ஷா எழுந்து நின்றாள். 'இன்டிஸ்பென்சபிள்' என்ற வார்த்தையை எடுத்திருந்தாள், இல்லாமல் முடியாத ஆள் அல்லது பொருள் என்று அர்த்தம்.

"ஷீலா மிஸ் என் அத்தாவுக்கு இன்டிஸ்பென்சபிள்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

பின்பெஞ்சிலிருந்து 'ஓ' என்று ஒரு நீளமான சத்தம் கிளம்பியது. அது முன்பெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் ஷீலாவின் காது மடல் சூடாகிவிட்டது. ஒரே வேன், தினமும் முன்சீட்டு, பேச்சு வேறு. யார் என்ன நினைத்தார்கள் என்பதை நொடியில் அவளே நினைத்து முடித்துவிட்டாள்.

"என்ன வாக்கியம் இது? உட்காரு."

இன்ஷா உட்காரவில்லை. "ட்ரூ சென்டென்ஸ், மிஸ்."

"உட்காருன்னு சொன்னேன்."

இன்ஷா உட்கார்ந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. அதை ஷீலா திமிரென்று எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஷீலா வேனின் முன்கதவுப் பக்கம் போகவில்லை. பின்னால் ஏறி, எல்கேஜி பிள்ளைகளுக்கு நடுவில், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். இன்ஷாவுக்கு பயாலஜி ஸ்பெஷல் கிளாஸ் இருந்ததால் அவள் வேனில் இல்லை. முன்சீட்டில் பிள்ளைகளின் பைகளைக் குவித்து வைத்தார்கள்.

"டீச்சர், முன்னால வரலையா?" என்று ரகுமான் தலையைத் திருப்பிக் கேட்டார்.

"இங்கயே இருக்கேன் பாய். பிள்ளைக சத்தம் போடுதுக, பார்த்துக்கிறேன்."

ரகுமான் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். வழக்கத்தைவிட மெதுவாகப் போனார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹார்ன் அடித்துத் தீர்த்தது.

கோட்டையூர் நெருங்கும்போது இடதுபக்கம் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து சேர்ந்துகொண்டது. பால்காரர். இரண்டு பக்கமும் கேன் தொங்க, வேனுக்குச் சரிசமமாக வந்துகொண்டிருந்தார். ஷீலா கடைசி ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தாள், வேடிக்கையாகத்தான் பார்த்தாள். ஆள் வண்டியோடு சாயங்கால வெயிலில் பளிச்சென்று தெரிந்தார். அந்த நேரம் பார்த்து, தெருவுக்குள் திரும்ப வேனை ரகுமான் இடதுபக்கம் ஒடித்தார். பால்காரர் கத்தினார். வேன் அவரைத் தட்டிவிட்டு நின்றது.

நல்லவேளை, ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பால் ரோட்டோடு போயிற்று. கூட்டம் கூடி, வழக்கம்போல ரெண்டாகப் பிரிந்து நியாயம் பேசியது. ஸ்கூல் வண்டிக்கு இடதுபக்கம் யார் ஏறச் சொன்னது என்று பாதிப் பேர் பால்காரரைத்தான் ஏசினார்கள். ரகுமான் ஒருவரோடும் வாதாடவில்லை. பால்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளில் ஒன்று பயந்து அழ ஆரம்பித்திருந்தது. ஷீலா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பைகளை ஒதுக்கிவிட்டு, முன்சீட்டில் ஏறினாள்.

வண்டி மறுபடி கிளம்பியது. வகுப்பில் கேட்ட 'ஓ'வை நினைத்து ஷீலா வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு இருந்தாள். இடதுபக்கம் ஒரு சைக்கிள் வந்தது, சொல்லவில்லை. ஒரு நாய் வந்தது, சொல்லவில்லை. ரகுமானின் கழுத்து நேராக விறைத்திருந்தது. தெருமுனை வந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன டீச்சர், பேசாம வாரீக?" என்றார். கெஞ்சுகிற குரல்.

அப்போதுதான் காலையில் கேட்ட வாக்கியம் ஷீலாவின் காதில் விழுந்தது.

பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கி முடிக்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இங்குட்டு ஸ்கூட்டர், அங்குட்டு ஒரு அம்மா, நில்லுங்க, இப்பப் போங்க. கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, "எவ்வளவு காலமா?" என்று கேட்டாள்.

ரகுமான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணுல பிரஷர்ன்னு மதுரையில சொன்னாக. போன வருசம். நேராப் பார்த்தா ஊசிகூடத் தெரியும் டீச்சர், சத்தியமா. பக்கந்தான் இல்ல. போன பார்வை திரும்பாதாம். சொட்டுமருந்து விட்டா இருக்கிறது நிக்குமாம்."

"பிள்ளைகளை வச்சு ஓட்டுறீகளே பாய்!"

"வலதுபக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிருவேன். இடதுபக்கத்துக்குத்தான் நீங்க இருக்கீகளே. நீங்க லீவு போட்டா இன்ஷா உட்காரும். நேத்து வரைக்கும் ஒரு கீறல் இல்ல."

ஷீலாவுக்கு முதலில் கோபம் வந்தது. ஒரு வருசமாக அவள் வேனில் வெறுமனே போய்வரவில்லை, வேலை பார்த்திருக்கிறாள். அந்த வேலையை அவளிடம் சொல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். உலகத்திலேயே பொறுமைசாலி என்று இவரைப் போய் ஞானசேகரிடம் மெச்சிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது அவமானமாகக்கூட இருந்தது. அவர் அடுத்துச் சொன்னதில் கோபம் அடங்கி, பயம் வந்தது.

"இன்ஷா ப்ளஸ் டூ முடிக்கட்டும் டீச்சர். அதுவரைக்கும் ஓட்டிர்றேன். நீங்க அந்த சிவகங்கைக்கு மட்டும் போகாதீக."

மறுநாள் காலை முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே ஷீலா வந்து இறங்கியபோது, இன்ஷா பள்ளி வாசலில் காத்திருந்தாள். பால்காரர் விஷயம் வீட்டுக்குப் போயிருந்தது. ஷீலா அவளை லைப்ரரிக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தனியா வந்து சொன்னா அத்தாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி மிஸ். எங்க அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காக. வாக்கியமாச் சொன்னா ஹோம்வொர்க்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் எனக்கும் காலையில ஸ்பெஷல் கிளாஸ். நான் ஆறு மணி பஸ்ஸுல வந்துருவேன். முன்சீட்டுல யாரும் இருக்க மாட்டாக. உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்."

புரியாததற்கு ஒரு காரணமும் ஷீலாவின் கையில் இல்லை.

"தாளாளர்கிட்டச் சொல்லணும் இன்ஷா."

"நாலு சுவரைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீக மிஸ்."

"நீ சொன்னதைச் சொல்ல மாட்டேன். நேத்து நானே பின்னால உட்கார்ந்து பார்த்தேன்ல? அதைத்தான் சொல்லுவேன். உன் பேரு எங்கயும் வராது."

இன்ஷா தலையாட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று ஷீலாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் முயலவில்லை. எப்படியும் சொல்லத்தான் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியும்.

தாளாளர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டியில் உதவியாளர் வைக்காமல் ஒரு டீச்சரை முன்சீட்டில் வைத்து ஒப்பேற்றியது அவருடைய சிக்கனம். அந்தச் சிக்கனம் பேச்சில் வராதபடி பார்த்துக்கொண்டார். ரகுமானின் சாவியை அன்றைக்கே வாங்கினார்கள். பள்ளியிலேயே ஏதாவது வேலை தருவதாகச் சொன்னபோது, "நான் டிரைவர் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரகுமான் வீட்டுக்குப் போனார். இன்ஷாவின் சலுகை ப்ளஸ் டூ முடியும்வரை தொடரும் என்று ஷீலா தாளாளரின் வாயாலேயே வரவழைத்தாள். வேறு டிரைவர் வந்தார், உதவியாளரும் வந்தார். தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவள் சிவகங்கைக்குப் போனாள்.

முகாமில் அவள் வீட்டு வாக்கியத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாள். சட்டத்தைப் பற்றியும் சொன்னாள். கைதட்டினார்கள். கைதட்டல் அவளுக்கு உள்ளே இறங்கவில்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமை வகுப்பில் வார்த்தைகள் தயாராக இருந்தன. வீரபாண்டியன் எழுந்தான். யானை கொலாசல் என்றான், மாபெரும் உருவம் உடையது. "உங்க வீட்டுல யானை இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ட்ரூ சென்டென்ஸ் என்று அவன் சொல்லவில்லை. சத்தியப்பிரியாவுக்கு வானம் பரந்து கிடந்தது. சிகப்பிக்கு ரோஜா மணத்தது. ஒவ்வொருவராக எழுந்து, தப்பில்லாத, யாருக்கும் சொந்தமில்லாத வாக்கியத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஷீலா என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது என்று அவர்கள் முகமே சொல்லியது. டிரைவர் வேலை போனது எந்த வாக்கியத்தால் என்று அந்த வகுப்புக்குத் தெரியாதா? அவள் சொன்னாளோ, பார்த்தாளோ, அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்ஷாவின் முறை வந்தது. ஷீலா அவளைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"மை ஃபாதர் இஸ் இம்ப்ளாக்கபிள்."

எவ்வளவு செய்தாலும் சமாதானம் ஆகாதவர் என்று அர்த்தம். கடினமான வார்த்தை. மேல்வகுப்பிலேயே அதைச் சரியாக வைப்பவர்கள் குறைவு.

"ட்ரூ சென்டென்ஸ், மிஸ்" என்றாள் இன்ஷா.

ஷீலாவின் வாயில் 'குட்' வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு இன்ஷாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போனாள்.

"நீ சொன்ன வாக்கியம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்று தமிழில் கேட்டாள்.

"பின்பெஞ்சுல யாரோ அவுக வீட்டுல சொல்லி, அவுக எங்க அம்மாகிட்டக் கேட்டிருக்காக. அத்தா என்கூடப் பேசுறதில்ல மிஸ்."

"சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாக. அம்மா வச்சா சாப்பிடுறாக." இன்ஷா உட்கார்ந்தாள். பிறகு, வாக்கியத்தை முடிக்காமல் விட்டால் மார்க் குறையும் என்பது போல, மெதுவாகச் சொன்னாள். "நான் தட்டை வச்சா எந்திரிச்சுப் போயிர்றாக."